சுவருக்கு விலை சொல்லுதல்

ஒரு வீட்டின் உட்புறத்துக்கு வர்ணம் பூச என்ன செலவாகும் என்ற வினா, கேட்பவருக்கு மிக எளிதாகத் தோன்றும் வினாக்களுள் ஒன்று. சுவர் கண்முன் நிற்கின்றது. அதன் நீளத்தையும் உயரத்தையும் அளந்துகொள்ளலாம். பெயின்ற் ரின்னின் விலை கடையில் தெரியும். வேலையாளின் நாட்கூலி ஊரறிந்தது. இவற்றைப் பெருக்கிக் கூட்டினால் விடை கிடைத்துவிடும் என்றே எவரும் எண்ணுவர். ஆயின், ஒரே வீட்டை மூவர் பார்த்து மூன்று விலை சொல்வதும், அவற்றுள் மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் இடையே ஒன்றுக்கு இரண்டு என்ற அளவில் வேறுபாடு காணப்படுவதும் நம்மிடையே அன்றாட நிகழ்ச்சிகள். அவ்வேளையில் வீட்டுக்காரர் வருகின்ற முடிவும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: கூடச் சொன்னவன் கள்ளன், குறையச் சொன்னவன் நல்லவன். இம்முடிவு பெரும்பாலும் தலைகீழானது என்பதைச் சொல்லவே இதனை எழுதுகின்றேன்.

இவ்விடயம் பற்றி எழுதும் தகுதி எனக்குக் குடும்பவழி வந்தது. என் தந்தையார் வலிகாமப் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வீடுகளுக்கு வெள்ளையடித்தும் வர்ணம் பூசியும் வாழ்ந்தவர். நான் 1979 இல் பொருளியல் படிப்பதற்காகப் பேராதனைக்கு வந்தேன். விடுமுறைகளில் ஊருக்குச் சென்று அவருடைய அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்தேன். அவர் சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுதினேன். விரிவுரை மண்டபத்தில் விலையென்பது கேள்விக் கோடும் நிரம்பற் கோடும் சந்திக்கும் புள்ளி. வாங்குபவரும் விற்பவரும் பண்டத்தை முற்றாக அறிந்தவர்கள் என்பது அங்கு ஓர் எடுகோள். ஐயாவின் விலையோ, வேலை தொடங்குவதற்கு முன்னரே, எவரும் முற்றாக அறியாத ஒரு சுவரைப் பற்றிச் சொல்லப்படவேண்டிய வார்த்தை. சொன்ன பின்னர் அதனை மாற்றுதல் மானக்கேடு. இவ்விரண்டு விலைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்க்கும் ஆசை எனக்கு அன்றே தொற்றிக்கொண்டது.

முதலில் கணக்கு எளிதாகவுள்ள பகுதியைப் பார்ப்போம். பன்னிரண்டு அடி நீளமும் பத்து அடி அகலமும் பத்து அடி உயரமும் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவர்களின் சுற்றளவு 44 அடி. ஆகவே சுவர்ப்பரப்பு 440 சதுர அடி. நூறு சதுர அடியை ஒரு சதுரம் என்பது நம் கட்டட வேலையாட்களின் வழக்கு. அதன்படி இவ்வறை நாலரைச் சதுரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு கதவு, மூன்றுக்கு ஏழு, 21 சதுர அடி. நாலுக்கு நாலாக இரண்டு யன்னல்கள், 32 சதுர அடி. இவற்றைக் கழித்தால் 387 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 36 சதுர மீற்றர் எஞ்சும்.

கழிப்பதா, விடுவதா என்பதிலேயே முதற் பிணக்குத் தோன்றும். பூசாத இடத்துக்கு நான் ஏன் பணம் தரவேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஐயா கழிப்பதில்லை. பெயின்றுக்கான கணக்கில் கழிப்பார். கூலிக்கான கணக்கில் கழிக்கமாட்டார். வெறுஞ் சுவரில் பதினாறு சதுர அடியை றோலரினால் பூச ஐந்து நிமிடம் போதும். அதே பதினாறு சதுர அடி யன்னலாக இருக்குமாயின், அதன் நான்கு ஓரங்களையும் சிறு பிறஷ்ஷினால் நிலையிலே படாமல் வெட்டிப் பூசவேண்டும்; நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெடிப்பை நிரப்பவேண்டும்; சிந்தியதைத் துடைக்கவேண்டும். இல்லாத பரப்பு இருக்கும் பரப்பிலும் பார்க்க நேரத்தைத் தின்னும். கதவு யன்னல்களுக்கு எனாமல் பூசுவதை அளக்கும்போதும் இவ்வுண்மையே வேறு வடிவில் வெளிப்படும். பலகைச் சட்டமிட்ட கதவின் தட்டைப் பரப்பை 1.30 ஆலும், கண்ணாடிக் கதவை 0.80 ஆலும், சாய்தட்டுகள் கொண்ட கதவை 1.80 ஆலும் பெருக்கிக் கொள்ளவேண்டும் என்று இந்திய அளவை நியமங்கள் கூறுகின்றன. பின்னாளில் இவ்வெண்களை நான் படித்தபோது, ஐயா சாய்தட்டுக் கதவைக் கண்டதும் "உது ரெண்டு கதவு" என்று சொல்வது நினைவுக்கு வந்தது.

அடுத்தது பெயின்றின் அளவு. ஒரு லீற்றர் இமல்சன் ஒரு பூச்சுக்குப் பத்து முதல் பதினான்கு சதுர மீற்றர் வரை போகும் என்று உற்பத்தியாளர்கள் ரின்னில் அச்சிடுவர். பொய்யன்று, ஆனால் அது மெழுகினாற்போன்ற சுவருக்கான அளவு. நம் அறையின் 36 சதுர மீற்றரும் அவ்வாறு மெழுகிய சுவராயின், லீற்றருக்குப் பன்னிரண்டு என்று கொண்டால், இரண்டு பூச்சுக்கு ஆறு லீற்றர் போதும். சுவர் சொரசொரப்பானதாகவும் உறிஞ்சுவதாகவும் இருந்து, லீற்றருக்கு எட்டுச் சதுர மீற்றரே பிடிக்குமாயின், ஒன்பது லீற்றர் வேண்டும். அளவுநாடா இரண்டு அறைகளுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். பெயின்றின் செலவோ ஒன்றரை மடங்கு. நாலு லீற்றர் ரின்னை உடைத்தால் மிச்சத்தைக் கடைக்காரர் திரும்பப் பெறமாட்டார் என்பதையும், வர்ணம் கலக்கப்பட்ட ரின்னாயின் அது வேறு வீட்டுக்கும் உதவாது என்பதையும் சேர்த்துக்கொள்க.

இதுவரை சொன்னவை கடதாசியில் அடங்குவன. மீதியைச் சுவரிடமே கேட்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தின் பழைய வீடுகள் பல சுண்ணாம்புக் கல்லினால் எழுந்து சுண்ணாம்புச் சாந்தினால் பூசப்பட்டவை. தைப்பொங்கலுக்கோ வீட்டில் நன்மை நிகழ்வதற்கு முன்னரோ அவற்றுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, வடித்து, சிறிது பசையும் ஒரு சிட்டிகை நீலமும் சேர்த்து அடிப்பார்கள். செலவு குறைவு, சுவருக்கும் நல்லது. சுண்ணாம்பு சுவரின் ஈரத்தை மறிப்பதில்லை. உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேற வழிவிடும். ஆயின் நாற்பது ஆண்டுகள் நாற்பது முறை அடித்த வெள்ளை, ஒன்றன்மேல் ஒன்றாக நாற்பது ஏடுகள் கொண்ட ஒரு புத்தகம். மேலேடு வெண்மையாகவும் ஒழுங்காகவும் தோன்றும். விரலால் தேய்த்தால் மா ஒட்டும். அதன்மீது இமல்சனைப் பூசினால், அது சுவரைப் பற்றிக்கொள்வதில்லை. அந்த மாவைப் பற்றிக்கொள்ளும். ஆறு மாதத்தில் தேங்காய்ப் பூரான் தோல்போல உரிந்து தொங்கும். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தபின் கடைகளில் வர்ண அட்டைகள் பெருகின. சுண்ணாம்பை நாகரிகக் குறைவாகக் கருதிய வீடுகள் இமல்சனுக்கு மாறின. மாறிய வீடுகளுட் பல, அடுத்த மாரியிலேயே அதன் பலனைக் கண்டன.

ஆகவே பழைய வெள்ளையை முற்றாகச் சுரண்டி, கழுவி, காயவிட்டு, அடிப்பூச்சு இட்டு, வெடிப்பும் குழியும் நிரப்பி, அரத்தாளினால் தேய்த்த பின்னரே வர்ணம். புதிய சீமெந்துச் சாந்தாயின் வேறு தொல்லை. அதன் காரத்தன்மை அடங்க ஏறத்தாழ 28 நாட்கள் விடவேண்டும். அதன்பின்னும் காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சுத் தேவை. கடலுக்கு அண்மையிலுள்ள வீடுகளிலும், சரியாகக் கழுவாத கடல் மணலினால் பூசிய சுவர்களிலும் உப்புப் பூக்கும். உப்பைத் துடைத்துவிட்டுப் பூசினால் அது பூச்சைத் தள்ளிக்கொண்டு மறுபடியும் வெளிவரும். அதற்கு மருந்து வர்ணத்தில் இல்லை. ஈரம் ஏறும் வழியை அடைக்கவேண்டும். அது மேசனின் வேலை. பழைய எனாமல் கதவுகளைத் தேய்ப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இலங்கையில் வர்ணப் பூச்சுகளிலுள்ள ஈயத்துக்கு உச்ச எல்லை 2011 இல் வர்த்தமானி மூலம் விதிக்கப்பட்டு, 2013 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த அரத்தாளினால் அவற்றைத் தேய்த்தால் எழும் தூசியைச் சுவாசிப்பவன் தொழிலாளி. அது படியும் தரையிலே தவழ்வது வீட்டுக் குழந்தை. நனைத்துத் தேய்க்கவேண்டும். நனைத்துத் தேய்க்க நேரம் கூடும். நேரம் கூடினால் விலையும் கூடும். குறைந்த விலை சொன்னவர் இதை எண்ணியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

ஐயா ஒரு வீட்டுக்குச் சென்றால் முதலில் அளக்கமாட்டார். உள்ளங்கையைச் சுவரிலே தடவி, அந்தக் கையைத் தம் கறுப்புக் குடையில் அழுத்திப் பார்ப்பார். பின் விரல் மொட்டுகளால் தட்டுவார். "தம்பி, உதிலை தட்டிப் பார். என்ன சத்தம் கேக்குது?" என்பார். சாந்து கல்லைப் பற்றியிருக்கும் இடத்தில் ஒலி இறுக்கமாக வரும். விட்டுப்போன இடத்தில் வெற்றுப் பெட்டியைத் தட்டினாற்போலக் கேட்கும். அலுமாரிக்குப் பின்புறத்தைக் காட்டும்படி கேட்பார். குளியலறைச் சுவரின் மறுபக்கம் எந்த அறை என்று கேட்பார். கூரையில் ஓடு மாற்றிய ஆண்டைக் கேட்பார். இவ்வளவும் முடிய அரைமணி நேரமாகும். அளப்பதற்குப் பத்து நிமிடம். வீட்டுக்காரர் அந்த அரைமணி நேரத்தையும் வீண்பேச்சென்றே கருதுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நாடாவை விரித்தபோதுதான் வேலைக்காரன் வேலையைத் தொடங்கிவிட்டான் என்று அவர் முகம் மலரும்.

கொப்பியிலிருந்த ஓர் அறையின் கணக்கு எனக்கு மனப்பாடம். மேலே சொன்ன அளவையொத்த, வெள்ளை அடித்த பழைய அறை. சுரண்டவும் கழுவவும் ஒருவருக்கு இரண்டு நாள். நிரப்பித் தேய்க்க இரண்டு நாள். அடிப்பூச்சுக்கு அரை நாள். வர்ணம் இரண்டு பூச்சுக்கும் சேர்த்து ஒன்றரை நாள். ஆக ஆறு நாட்களில் வர்ணம் பூசுதல் கால்வாசி மட்டுமே. வீட்டுக்காரரோ வர்ணத்துக்கே விலை கேட்கிறார். அவர் அட்டையிலே நிறம் பார்த்தவர். அவர் மனக்கண்ணில் இருப்பது அந்த ஒன்றரை நாள். முதல் நாலரை நாளின் உழைப்பும் இறுதிப் பூச்சின் கீழே மறைந்துவிடும். வேலை எவ்வளவு நன்றாக நடந்ததோ அவ்வளவுக்கு அது கண்ணுக்குத் தெரியாமற் போகும். உழைப்பே பெறுமதியின் ஊற்று என்று எங்கள் காலத்துப் பல்கலைக்கழக விடுதிகளில் இரவிரவாக வாதிட்டோம். அந்த உழைப்பு தன் தடத்தைத் தானே அழித்துக்கொள்ளும் ஒரு தொழிலில் விலை எவ்வாறு பேசப்படுகின்றது என்று எம்மில் எவரும் வினவியதில்லை.

காண முடியாதவற்றுக்கு விலை சொல்லும் இந்நிலைக்கு எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. எழுபதுகளில் ஐயா சில வீடுகளின் விறாந்தைக்கு அப்பால் விலை பேசுவதற்காகச் சென்றதில்லை. செல்ல விட்டதில்லை. முன் மண்டபத்தை யன்னல் வழியாகப் பார்க்கலாம். குசினியையும் சாமியறையையும் வாயால் சொல்லக் கேட்டுக்கொள்ளவேண்டும். "உள்ளுக்கு என்ன பாக்கக் கிடக்கு? மற்ற அறையள் மாதிரித்தான். விலையைச் சொல்லன்" என்று வீட்டுப் பெரியவர் சொல்வார். குசினிச் சுவரில் நாற்பதாண்டு விறகுப்புகை படிந்திருக்கும் என்பதும், புகைக்கறையைச் சோடாவினால் கழுவாமற் பூசினால் மஞ்சள் மறுபடி ஊறி வரும் என்பதும் ஐயாவுக்குத் தெரியும். சாமியறையின் எண்ணெய்ப்பசையும் அவ்வாறே. பாராமலே அதற்கொரு தொகையை மனத்தில் வைத்துக் கூட்டிச் சொல்வார். அது கூடிப்போனால் வேலை கைவிட்டுப் போகும். குறைந்துபோனால் எங்கள் வீட்டு அரிசி குறையும். விலை சரிவந்து வேலை தொடங்கிய அன்று அதே குசினிக்குள்ளும் சாமியறைக்குள்ளும் அவர் வாளியோடு செல்வார், ஒருவரும் தடுத்ததில்லை. பூசுவதற்கு உள்ளே போகலாம், பார்ப்பதற்குப் போகலாகாது. இந்த விதியின் தருக்கத்தை நான் அன்றும் விளங்கிக்கொள்ளவில்லை, இன்றும் விளங்கிக்கொள்ளவில்லை. அதன் செலவைச் சுமந்தவர் யார் என்பது மட்டும் கொப்பியில் இருந்தது. அவ்வீடுகளின் கணக்குக்கு எதிரே ஐயா சிறு புள்ளியொன்று வைத்திருப்பார்.

விலை பேசும் முறைகள் மூன்று. ஒன்று நாட்கூலி. வீட்டுக்காரர் சாமான் வாங்கித்தருவார். வேலை முடியும்வரை நாளுக்கு இவ்வளவு. சுவர் எதிர்பாராத தொல்லை தந்தால் இழப்பு வீட்டுக்காரருடையது. ஆகவே அவர் கதிரையைப் போட்டுக்கொண்டு காவல் இருப்பார். தேநீருக்கு எத்தனை நிமிடம் எடுத்தார்கள் என்று எண்ணுவார். இரண்டாவது முழுக் கொந்தராத்து. சாமானும் கூலியும் சேர்த்து ஒரே தொகை. தொல்லை வந்தால் இழப்பு முழுவதும் வேலைகாரனுடையது. இப்போது காவல் இருக்கவேண்டியதில்லை என்று வீட்டுக்காரர் நினைப்பார். உண்மையில் இப்போதுதான் இருக்கவேண்டும். மூன்றாவது, சாமான் அவருடையது, கூலி மட்டும் சதுரத்துக்கு இவ்வளவு என்று பேசுவது. தொல்லையின் பாரம் இருவருக்கும் பங்காகும். ஐயா விரும்பியது மூன்றாவதை. வீட்டுக்காரர் பெரும்பாலும் விரும்புவது இரண்டாவதை. ஏனெனில் அதில் ஒரே எண்தான் உண்டு, அதை மற்றொருவரின் எண்ணோடு ஒப்பிடலாம். அரசாங்க வேலைகளில் இச்சங்கடம் ஓரளவு தவிர்க்கப்படுகின்றது. சுரண்டுதல், அடிப்பூச்சு, நிரப்புதல், இறுதிப்பூச்சு ஒவ்வொன்றையும் தனித்தனி உருப்படியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் விலைவீதம் குறிக்கும் கணியப் பட்டியல் அங்குண்டு. தனியார் வீட்டில் அத்தகைய பட்டியலைக் கேட்ட ஒருவரையும் நான் ஐயாவோடு திரிந்த காலத்திற் கண்டதில்லை.

முழுக் கொந்தராத்தில் மிகக் குறைந்த விலை சொன்னவர் எவ்வாறு தப்புகின்றார்? அவருக்கும் பெயின்ற் அதே விலைதான், கூலியும் அதேதான். குறைக்கக்கூடியது கண்ணுக்குப் படாதது மட்டுமே. கழுவுதல் துடைத்தலாகும். இரண்டு தரம் நிரப்பவேண்டியதை ஒரு தரம் நிரப்புவார். அடிப்பூச்சை விட்டுவிட்டு, முதற் பூச்சில் தண்ணீரைக் கூட்டி அதையே அடிப்பூச்சு என்பார். இமல்சனில் நீர் சேர்ப்பது குற்றமன்று. உற்பத்தியாளரே ஓர் அளவு சொல்லியிருப்பார். அந்த அளவை இரட்டித்தாலும் சுவர் ஈரமாயிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. காய்ந்த பின் பகல் வெளிச்சம் சாய்ந்து விழும்போது பழைய கறை மெல்ல எட்டிப்பார்க்கும். அதற்குள் பணம் கைமாறிவிடும். இவரைக் கள்ளன் என்று ஏசுவதும் எனக்கு முழு உடன்பாடன்று. குறைந்த எண்ணுக்கே வேலை என்று வீட்டுக்காரர் விதித்துவிட்டார். அந்த எண்ணுக்குள் அடங்கும் வேலையை இவர் செய்திருக்கிறார்.

ஐயாவின் கணக்கிலும் ஒரு பெரிய விடுபாடு இருந்தது. பெயின்ற் இருந்தது, கூலியாட்கள் இருந்தார்கள், பிறஷ் தேய்மானம்கூட இருந்தது. விலை பார்க்கச் சென்று கிடைக்காத வேலைகளுக்காகச் செலவான நாட்கள் இல்லை. கதிரை மேசைகளை நடுவே இழுத்துப் பழஞ்சேலையால் மூடி, பின் பழையபடி வைக்கும் நேரம் இல்லை. ஏணியும் சாரமும் அவருடையவை ஆதலால் இலவசம். மழையால் உலராமல் நின்ற நாட்கள் இல்லை. பேராதனையில் நான் தங்கியிருந்த விடுதிச் சுவரில் ஒரு பூச்சு உலர்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலிலோ பிறஷ் ஓடிய தடம் அடுத்த தடத்தோடு கலக்குமுன்னே காய்ந்து கோடு விழும். இரண்டிடத்தும் காலநிலைக்கு ஒரு விலை உண்டு. ஐயா தம் சொந்தக் கூலியையும் மற்ற வேலையாளின் கூலிக்குச் சமமாகவே போட்டார். இலாபம் என்றொரு வரி அந்தக் கொப்பியில் இருந்ததில்லை. நான் அதைச் சுட்டிக்காட்டியபோது, அப்படி ஒரு வரி எழுதினால் யாராவது கொப்பியைப் பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார்.

அவருக்குப் பின் இத்தொழிலை என் தம்பி எடுத்தான். அவன் அந்த வரியை எழுதினான், நூற்றுக்குப் பத்து. ஆயினும் 2022 இல் நடந்ததற்கு எந்த வரியும் போதுமாயிருக்கவில்லை. அவ்வாண்டு பெப்ரவரியில், ஆவணி மாதத்துத் திருமணம் ஒன்றுக்காக, நான்கு அறையும் மண்டபமும் கொண்ட ஒரு வீட்டுக்குச் சாமானோடு சேர்த்து முழுத்தொகை பேசினான். மூன்றில் ஒரு பங்கு முற்பணம் வாங்கி, நிரப்பும் மாவும் அடிப்பூச்சும் வாங்கினான். சுரண்டும் வேலை தொடங்கியது. இறுதி வர்ணம் வாங்கவில்லை; ஏனெனில் நிறம் தீர்மானமாகவில்லை. மணமகள் ஒரு நிறம் சொல்ல, வெளிநாட்டிலிருந்த தமையன் வேறொரு நிறம் சொல்ல, பங்குனியும் சித்திரையும் கடந்தன. இதற்கிடையே மார்ச் மாதத்தில் ரூபா மிதக்கவிடப்பட்டது. ஏறத்தாழ 200 ரூபாவில் நிறுத்தப்பட்டிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவளவில் நின்றது. வர்ணத்தின் மூலப்பொருள்கள் கடல் கடந்து வருவன. பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் நின்று தம்பி கடைக்குப் போனபோது, முழு வீட்டுக்கும் என்று ஒதுக்கிய பணத்தில் இரண்டு அறைகளுக்கே ரின்கள் கிடைத்தன.

வீட்டுக்காரரிடம் சென்று நிலையை விளக்கினான். அவர் கெட்டவர் அல்லர். கலியாணச் செலவு அவருக்கும் அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. "நீர் சொன்ன சொல்லுத்தானே, நான் கேட்டதில்லையே" என்றார். அது உண்மை. நிறம் சொல்லத் தாமதித்தது அவர் பக்கம் என்பதும் உண்மை. ஆனால் அது எங்கும் எழுதப்படவில்லை. தம்பிக்கு அப்போது மூன்று வழிகள் இருந்தன. வேலையை விட்டு வரலாம். மீதி அறைகளைத் தண்ணீரால் நீட்டி முடிக்கலாம். கலியாணக் கூட்டத்தில் எவரும் சுவரைப் பார்க்கப்போவதில்லை. அல்லது நட்டத்தை ஏற்கலாம். மனைவியின் காப்பு இரண்டை அடைவு வைத்து இரண்டு பூச்சும் குறைவின்றி முடித்தான். ஏன் அப்படிச் செய்தாய் என்று தொலைபேசியில் கேட்டேன். "மூண்டு அறையைச் சுரண்டி வைச்சாச்சு அண்ணை. சுரண்டின சுவரை விட்டிட்டு எப்பிடி வாறது?" என்றான். அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை அண்மித்தது என்று மத்திய வங்கியின் அறிக்கைகளில் நாம் படித்தோம். அந்த எழுபதில் ஒரு சிறு துளி அந்த வீட்டுச் சுவர்களில் இருக்கிறது. இரண்டு காப்புகளுள் ஒன்றை மீட்டிருக்கிறான்.

அதன்பின் அவன் விலை சொல்லும் முறை மாறிவிட்டது. இப்போது ஒரே எண் சொல்வதில்லை. ஒரு தாளில் சுரண்டல், நிரப்பல், அடிப்பூச்சு, இறுதிப்பூச்சு என்று வேறுவேறாக எழுதுகிறான். கூலி ஒரு நிரல். சாமான் ஒரு நிரல். இவ்விலை பதினான்கு நாட்களுக்கு மட்டுமே என்று அடியில் ஒரு வரி. நிறம் தெரிவிக்கவேண்டிய இறுதி நாள் இன்னொரு வரி. எத்தனை பூச்சு, எந்த வகைப் பெயின்ற் என்பனவும் உண்டு. இதனால் சில வேலைகள் அவன் கையை விட்டுப் போகின்றன. தாளை நீட்டியதும் சிலருக்குச் சந்தேகம் வருகின்றது. ஓவசியர்மாரைப் போல எழுதுகிறானே, இவன் என்னவோ ஒளிக்கிறான் என்று. ஒரே எண்ணைச் சொல்லும் மற்றவர் வெளிப்படையானவராகத் தோன்றுகிறார். எழுத வாசிக்கத் தெரிந்த சமூகம் என்று நம்மைப் பற்றி நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு.

இக்காலத்தில் விலை கேட்போருட் பலர் வீட்டில் இல்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்துகொண்டு, கோடை விடுமுறைக்கு வருமுன் வீட்டை அழகுபடுத்த விரும்புகின்றனர். வட்ஸ்அப்பில் பத்துப் படங்கள் வருகின்றன. படத்தில் சுவர் தட்டையாகவும் தெளிவாகவும் இருக்கும். படத்தைத் தட்டினால் ஒலி வராது. தடவினால் மா ஒட்டாது. அன்று விறாந்தையில் நிறுத்தி வைத்த சாதிக்கட்டுப்பாடு சொன்ன அதே வாக்கியத்தை இன்று தூரம் சொல்கின்றது: மற்ற அறைகள் மாதிரித்தான், விலையைச் சொல்லு. ஆயின் இரண்டும் ஒன்றல்ல. வெளிநாட்டுக்காரர் திறப்பை அயலவரிடமிருந்து பெற்றுக்கொள்ளச் சொல்வார். உள்ளே போய்ப் பார்ப்பதில் தடையில்லை. எவராவது போகவேண்டும், அவ்வளவுதான். தம்பி போகாமல் விலை சொல்வதில்லை.

சென்ற மாதம் அப்படியொரு வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். பதினைந்து ஆண்டுகளாகப் பூட்டியிருந்த வீடு. மண்டபம், மூன்று அறைகள், குசினி. நான் பழையபடி நாடாவின் முனையைப் பிடித்தேன். மேற்குச் சுவரில் ஆளுயர அலுமாரி ஒன்று நின்றது. திறப்பு வேறெங்கோ இருந்தமையால் அதனை வெறுமையாக்கி நகர்த்த முடியவில்லை. பின்புறத்தே கையை நுழைத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, தம்பி ஒன்றும் பேசாமல் விரல்களை முகர்ந்தான். அன்றிரவே விலைத்தாளை அனுப்பினான். எல்லா அறைக்கும் எண்கள் இருந்தன. மேற்குச் சுவருக்கு நேரே மட்டும், "அலுமாரியை எடுத்துப் பார்த்த பின்" என்று எழுதியிருந்தான். மறுநாட் காலை வீட்டுக்காரரிடமிருந்து ஒரு வரி வந்தது: சராசரியாக ஏதாவது ஒரு தொகை போட முடியாதா? முடியாது என்று தம்பி பதில் எழுதினான். அலுமாரியின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறான்.